ஆறடி தூரத்துக் குரல்

என் தம்பிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் அந்தந்த இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன. அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்தவள் நான்தான். அதை வாங்க வழி சொல்லிக் கொடுத்த மேதாவியும் நான்தான்.

அவனுடைய இடது காது செத்து நான்கு வருஷம் ஆகிறது. வலது காதுக்கு அருகே போய்க் கத்தினால், பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி ஏதோ தெரியுமாம். மற்றபடி எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொள்வான். தெரியாதவர்களுக்குச் சந்தேகமே வராது. “உங்க தம்பி எவ்வளவு மரியாதையா முகத்தப் பார்த்துப் பேசுறாரு” என்று ஒரு வாடிக்கையாளர் அம்மா என்னிடம் மெச்சிக்கொண்டாள். ஆமாம், வளர்ப்பு அப்படி என்று சொல்லிவைத்தேன்.

அரசு அலுவலக வளாகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது என் ஜெராக்ஸ் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊராருக்குப் படிவம் நிரப்புகிறேன். ‘ஃபார்ம் அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உள்ளே எந்த நாற்காலிக்காரர் எந்தக் காகிதத்தை எதற்காகத் திருப்பி அனுப்புவார் என்பது எனக்கு மனப்பாடம். என் கடையில் கோத்துக் கொடுத்த மனு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. வருகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: கேட்கிற காகிதத்துக்கு மேலே ஒன்று வை, குறைய வைக்காதே. அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. அதற்கு வருகிறேன்.

அப்பா அம்மா போனபோது எனக்கு இருபத்தொன்று, தம்பிக்குப் பதினொன்று. வளர்த்தவள் நான். அடித்தவளும் நான். பத்தொன்பது வயதில் அவன் வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, பட்டாளத்தில் சேருவதற்கான படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வைத்ததும் நான்தான். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. விரல் வைத்து அவனுக்குப் படித்துக் காட்டினேன்: படையிலிருந்து திரும்புவோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை வழங்கப்படும். “கொஞ்ச வருஷம் பல்லக் கடிச்சுக்கோடா. அப்புறம் ஆயுசுக்கும் சர்க்கார் உத்தியோகம்” என்றேன். சரிக்கா என்று போட்டான். என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது.

பீரங்கிப் பிரிவில் குண்டு ஏற்றுகிற வேலை. பத்து வருஷம் செய்தான். ஒரு நாள் குண்டு பீரங்கிக்கு உள்ளேயே வெடித்தது. கூட இருந்த இரண்டு பேர் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். இவனுக்குக் காது மட்டும் போயிற்று. கொடுத்து வைத்தவன் என்று தெருவே சொன்னது. நாற்பது சதவீத ஊனம் என்று ஒரு சான்று, சின்னதாக ஒரு பென்ஷன், விடுவிப்புக் கடிதம், இவற்றோடு வீட்டுக்கு வந்தான். தெருவில் அவனுக்குப் ‘பட்டாளம்’ என்றே பெயர் ஆகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகுதான் கல்யாணம். பேச்சு நடக்கும்போதே அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். “அவனுக்குக் காது கேக்காதும்மா. முகத்தப் பார்த்துப் பேசணும்.” அவள் சிரித்தாள். “எங்க வீட்டுல எல்லாருக்கும் காது கேக்கும். யாரும் என் முகத்தப் பார்த்துப் பேசினதில்ல” என்றாள். அந்த ஒரு பேச்சுக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வேலைதான் நிலைக்கவில்லை. துணிக்கடையில் காவலுக்கு நின்றான். முதலாளி பின்னாலிருந்து ஏழு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை, திமிர் பிடித்தவன் என்று அனுப்பிவிட்டார். கிடங்கில் மூட்டை அடுக்கப் போனான். பின்னால் வண்டி வருவது தெரியாமல் நின்று, மயிரிழையில் தப்பினான். அவர்களும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இதற்கு நடுவில் தம்பி மனைவிக்கு நாள் தள்ளிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது.

நிலப் பதிவு அலுவலகத்தில் பதிவறை உதவியாளர். ஒரே ஓர் இடம். முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கியது, அதிலும் பணியில் ஊனமானவருக்கு முதலிடம். அறை நிறையப் பழைய பத்திரங்கள். கேட்கிற எண்ணைச் சீட்டில் எழுதித் தருவார்கள், தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. என் தம்பிக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. பட்டியல் வந்தபோது அவன் பெயர் முதலில் இருந்தது. இரண்டாவது பெயர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்த ஒருவருடையது. அவருக்குக் கை கால் காது எல்லாம் பத்திரமாக இருந்தன.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது உடற்தகுதிப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். ஏழாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது. ஆறடி தூரத்தில் பின்னாலிருந்து மெல்லிய குரலில் பேசுவது, கருவி உதவியின்றி, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

நேராகப் பிரிவுக் குமாஸ்தாவிடம் போனேன். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும், இருபது வருஷப் பழக்கம்.

“சார், பதிவறையில பத்திரமெல்லாம் கூப்பிட்டுப் பேசுமா?”

“பேசாதும்மா.”

“அப்புறம் அங்க வேலை செய்றவனுக்குக் காது எதுக்கு?”

“படிவம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. டிரைவருக்கும் இதேதான், தோட்டக்காரருக்கும் இதேதான்.”

“காது போனதுக்குத்தானே சார் அவனுக்கு முதலிடமே குடுத்தீங்க. இப்ப காது இருக்கான்னு கேட்டா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்னுரிமை என் பிரிவு. உடற்தகுதி வேற பிரிவு. விலக்கு கேட்டு மனு போடலாம், நல்லா நடந்தா எட்டு மாசத்துல உத்தரவு வரும். ஆனா பட்டியல் வருஷக் கடைசியோட செத்துடும். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. நான் என்னம்மா பண்ணட்டும்.”

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே நாயையும் கல்லையும் ஒரே ஆளிடம் கொடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டு என்கிறார்கள். அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அரசு மருத்துவமனையில் காது டாக்டர் அறைக்கு நான் எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். காது பார்க்கிற மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். ‘பழுது’ என்று அதன்மேல் ஒட்டிய சீட்டுகூட என் கடையில் அடித்ததுதான். டாக்டர் நோயாளியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் எண் சொல்லுவார். திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்டூலுக்கு நேர் எதிரே மருந்துச் சாமான்கள் வைக்கிற அலமாரி. அதற்குக் கண்ணாடிக் கதவு. அந்தக் கண்ணாடியில் டாக்டரின் முகம் தாடையிலிருந்து நெற்றிவரை தெரியும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தம்பி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொய் சொல்ற மாதிரி இல்லையாக்கா?”

“காது போனது பொய்யா? பத்து வருஷம் குண்டு தூக்கினது பொய்யா? அவங்க கேக்குறதுதான்டா பொய்யான கேள்வி. அதுக்கு என்ன பதில் சொன்னா என்ன.”

“மாட்டிக்கிட்டா?”

“என் கடையில கோத்த காகிதம் என்னைக்குடா திரும்பி வந்திருக்கு?”

சரிக்கா என்றான்.

பதினொரு நாள் பயிற்சி. காலையில் நான் கடை திறக்கப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். பீரோக் கண்ணாடிக்கு எதிரே முக்காலி போட்டு அவனை உட்கார வைத்தோம். ஆறடியை டேப் வைத்து அளந்து தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். கோட்டில் தம்பி மனைவி நின்று, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எண் சொல்லுவாள். முதல் நாள் பத்துக்கு நாலு. எழுபதும் எண்பதும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தன. அவள்தான் கண்டுபிடித்தாள். “எம்பதுக்கு உதடு ஒட்டும், எழுவதுக்குக் குவியும். நல்லாப் பாருங்க.” அவள் எழுபது சொல்லும்போது முத்தம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று இவன் சொல்ல, அவள் வெட்கப்பட, நான் சாக்கட்டியால் அவன் தலையில் ஒரு போடு போட்டேன். “சிரிக்காதடா. டாக்டர் எழுவது சொல்லும்போது இந்த ஞாபகம் வந்து தொலைச்சா என்ன பண்ணுவே?” மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதனால்தான் நான் செய்வது சரி என்று நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

எட்டாம் நாள் பத்துக்குப் பத்து. பதினொன்றாம் நாள் அவள் எண்ணை விட்டுவிட்டுக் கதை பேசினாள். அதையும் வரி விடாமல் திருப்பிச் சொன்னான்.

பரிசோதனைக்கு அவன் தனியாகத்தான் உள்ளே போனான். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நகம் கடித்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். டாக்டர் அன்றைக்கு முப்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்ததால் இவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். படிவத்தின் ஏழாவது வரிக்கு நேரே எழுதியிருந்தது: இரு செவிகளும் இயல்பு.

அன்றைக்குத்தான் லேமினேட் செய்தேன். தம்பி மனைவி அதைக் கையில் வாங்கி, “இனிமே உங்களத் திட்டுறதுன்னா மெதுவாத்தான் திட்டணும்” என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவன் திரும்பவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

இனி என் திமிரின் கதை. நியமன உத்தரவுக்கு உடற்தகுதிச் சான்றின் நகல் ஒன்று கொடுத்தால் போதும். ஊனச் சான்றை முன்பே ஒரு பிரிவில் கொடுத்தாகிவிட்டது. அது அங்கே தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிரிவில் இருப்பது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. அதுதான் அந்தக் கட்டடத்தின் அழகு. ஆனால் ஃபார்ம் அக்காவுக்குக் குறைய வைத்துப் பழக்கம் உண்டா? விடுவிப்புக் கடிதம், பென்ஷன் உத்தரவு, ஊனச் சான்று, உடற்தகுதிச் சான்று, எல்லாவற்றையும் சுத்தமாக நகல் எடுத்து, வரிசை எண் போட்டு, ஒரே டேக் கயிற்றில் கோத்துக் கொடுத்தேன். மூன்றாவது தாள், காது கேட்காது. நான்காவது தாள், காது கேட்கும். புரட்டினால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

குமாஸ்தா பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியுமா, அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள். உண்மை அறிய வேண்டி இரண்டு தாளையும் படைப் பென்ஷன் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. விலக்கு மனுவுக்கு எட்டு மாசம் எடுக்கிற அரசாங்கம் இதற்கு மூன்றே வாரம் எடுத்துக்கொண்டது. மேற்படி நபரின் செவித்திறன் இயல்பு நிலைக்குத் திரும்பியிருப்பதால் ஊன பென்ஷன் நிறுத்தப்படுகிறது. ஊனம் இல்லாததால் முதலிட முன்னுரிமையும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் மருத்துவக் குழு முன்பு வரலாம். குழுவின் அறிக்கை வரும்வரை பணியிடம் நிறுத்தி வைக்கப்படும்.

கடையில் நின்று படித்தேன். வேலையும் போயிற்று, இருந்த பென்ஷனும் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது என்பார்களே, எங்கள் வீட்டில் நானே பூதத்துக்கு மனு எழுதிக் கூப்பிட்டிருந்தேன்.

அந்த வாரம் சமையல்காரர் கடைக்கு வந்தார். யாருடைய கடை என்று தெரிந்துதான் வந்தார். தன் காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

“நான் விட்டுக்குடுத்தா உங்க தம்பிக்குக் கிடைக்குமான்னு உள்ள கேட்டேன் அக்கா. கிடைக்காதாம். மூணாவது ஆளுக்குப் போயிடுமாம்.”

“நீங்க ஏன் விட்டுக்குடுக்கணும். உங்களுக்கும் வயிறு இருக்குல்ல” என்று சொல்லி நகல் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனுஷன். மனதுக்குள் அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டுதான் எடுத்தேன்.

மருத்துவக் குழுவுக்கு மூவரும் போனோம். இந்தத் தடவை சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கேட்காதவன் கேட்காதவனாக உட்கார்ந்திருந்தால் போதும். “கண்ணாடியப் பார்க்காதே. தரையப் பாரு. என்ன ஆனாலும் வாயத் திறக்காதே” என்றேன். தலையை ஆட்டினான். கேட்காதவனுக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவனுக்கு அது ஒன்றுதான் ஜன்னல்.

அதே அறை, அதே ஸ்டூல், அதே அலமாரி. மெஷின் இன்னும் துணிக்குள்தான் இருந்தது. அதே காது டாக்டர், அவருக்கு மேலே நரைத்த தலையோடு ஒரு பெரிய டாக்டர், சீருடையில் ஒரு பட்டாள டாக்டர். கேட்காதவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே விட்டார்கள். தம்பி மனைவிக்கு எட்டாவது மாசம். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம்.

பட்டாளத்தில் காது சோதித்தபோது கொடுத்த மெஷின் அறிக்கைகளை எடுத்து நீட்டினேன். பெரிய டாக்டர் வாங்கிப் பார்த்தார். “இது நாலு வருஷத்துக்கு முந்தினது. காது தேறியிருக்கலாம்” என்றார். செத்தது எப்படித் தேறும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காது டாக்டர் பின்னால் நின்று எண் சொன்னார். முப்பத்திரண்டு. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தாறு. அசையவில்லை. எழுபது என்றபோது எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் கல் மாதிரி இருந்தான். டாக்டர் ஏதோ எழுதினார். முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன்.

பட்டாள டாக்டர் எழுந்தார். “காது கேக்காதுன்னு நடிக்கிறவங்கள நான் நிறையப் பார்த்திருக்கேன். ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போய் நின்றார். சும்மா நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றும் பேசவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒருவன் தரையைப் பார்ப்பான்? என்ன நடக்கிறது என்று தெரியாமல் தம்பி மெதுவாகக் கண்ணைத் தூக்கினான். கண் எங்கே போகும்? பதினொரு நாள் பழக்கியிருக்கிறோமே, கண்ணாடிக்குத்தான் போயிற்று. அப்போது அந்த டாக்டர், உரக்கக்கூட இல்லை, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் சொன்னார்.

“வெளியில உங்க சம்சாரம் மயங்கி விழுந்துட்டாங்க.”

ஸ்டூல் உருண்டது. தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

பட்டாள டாக்டர் கையை விரித்தார். “கேக்குது.”

“கேக்கல” என்று கத்தினேன். “பார்த்தான் சார். கண்ணாடியில உங்க வாயப் பார்த்தான். அந்த அலமாரியப் பாருங்க.”

மூன்று பேரும் திரும்பி அலமாரியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் அவர்கள் மூன்று பேரும் தெரிந்தார்கள், கூட நானும் தெரிந்தேன். காது டாக்டரின் முகம் சிவந்துபோயிற்று.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். “அப்ப போன தடவை பாஸானது?”

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அந்த நேரத்தில் கெட்டால் கெடட்டும் என்றுதான் இருந்தது. “அதுவும் கண்ணாடியப் பார்த்துத்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அக்கா சொன்னா செய்வான், அவ்வளவுதான். வேலை வேண்டாம் சார், பென்ஷன மட்டும் விட்டுருங்க. பிள்ளை பொறக்கப் போகுது.”

“ஆளத் தயார் பண்ணி அனுப்பி அரசு டாக்டர ஏமாத்தியிருக்கீங்க. எதிர்க்கடை நீங்கதானே? எத்தனை பேருக்கு இப்படிச் செஞ்சீங்களோ. இது போலீஸுக்குப் போகணும் அம்மா. எழுதிக்கட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“எழுதுங்க.”

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பொடி எழுத்தைப் படித்துக் காட்டிய விரலுக்கு அந்த அளவுக்காவது தண்டனை வேண்டும் என்று தோன்றியது.

கதவருகே தம்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வெளியே அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவன் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்க, என்னாச்சு என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து, கதவிலிருந்தபடியே பெரிய டாக்டரின் வாயைப் பார்த்திருக்கிறான். எதைப் பார்த்தானோ இல்லையோ, போலீஸ் என்பதைப் பார்த்திருக்கிறான்.

உள்ளே வந்தான். கீழே கிடந்த ஸ்டூலை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அதற்குப் பக்கத்தில், பட்டாளத்தில் நிற்கிற மாதிரி, கையைத் தொடையோடு ஒட்டி நின்றான்.

“அக்கா சொல்றது பொய்ங்க. எனக்குக் காது கேக்கும்.”

“டேய்” என்றேன்.

“பென்ஷனுக்காகக் கேக்காத மாதிரி இருந்தேங்க. அக்காவுக்கு என் மேல பாசம். அதான் என்னென்னவோ சொல்றாங்க.”

“டேய், வாய மூடுடா. சார், அவன் பொய் சொல்றான். டேய், இங்க பாருடா, என்னப் பாரு.”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் சொல்வது தெரிந்துவிடும். மூன்று டாக்டர்களையும் பார்த்தபடியே நின்றான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் என் பேச்சைக் கேட்கவில்லை.

பட்டாள டாக்டர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பின்னால் போய் நின்று இன்னொரு தரம் சோதித்திருக்கலாம். அலமாரிக் கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டாலே போதும். அவர் காது டாக்டரைப் பார்த்தார். காது டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். முதல் சான்று பொய் என்றால் அதில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்: இரு செவிகளும் இயல்பு. முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது.

“உடன் வந்தவர் கையெழுத்து” என்று தாளை என் பக்கம் தள்ளினார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரல் வைத்துக் காட்டிய பழக்கம், என் கை தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. போட்டேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. மருத்துவமனைச் சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. தம்பி மனைவி அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கமாக நடந்தாள். அவன் வந்து தோளைப் பிடித்தபோதே காரியம் கெட்டது அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் பின்தங்கினேன். அவன் சட்டை முதுகில் வியர்வை ஊறிக்கொண்டிருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவே ஆறடி இருக்கும். அளந்து அளந்து எனக்கு அந்தத் தூரம் பழகிவிட்டது.

அங்கே கண்ணாடி எதுவும் இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு கிடையாது. பின்னாலிருந்து, மெல்லிய குரலில் சொன்னேன்.

“உன் வாழ்க்கையையே நான் கெடுத்துட்டேன்டா தம்பி. என்னை மன்னிச்சுடு.”

அவன் நடந்துகொண்டே இருந்தான். தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அவள் திரும்பியதைப் பார்த்துத்தான் அவனும் நின்று திரும்பினான்.

“என்னக்கா?”

“லாரி வருது. ஓரமாப் போங்க” என்றேன், அவனுக்குத் தெரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து.